அடுப்பங்கரையும் ஒரு வகுப்பறையே!

(மூன்றாமாண்டு, தாவரவியல்)

நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் கடிகாரம் தேவையில்லை. விடியற்காலையில் சொம்பு உருளும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் பொழுது விடிந்துவிட்டது என்று பொருள். சற்று நேரத்தில் அரிசிப் பானைக்குள் ஒரு செருப்பு கிடக்கும். என் தாவரவியல் குறிப்பேட்டில், எந்தப் பாடநூலிலும் இல்லாத புதியதொரு வேர்த்தொகுதி வரையப்பட்டிருக்கும். வரைந்தவர் என் அண்ணன் மகள். வயது ஒன்றே முக்கால்.

"கல்லூரி ஆண்டு மலரில் வீட்டுக் கதை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். கதை சொல்வது என் நோக்கமன்று. ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஆண் மாணவர்களாகிய நாம் அடுப்பங்கரையில் கற்க வேண்டிய பாடங்கள் உண்டு. அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மறைவதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அக்கருத்து. நான் காலங்கடந்து கற்றவன். ஆதலால் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு என எண்ணுகிறேன்.

எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். கேழ்வரகு விளையும் மண். அப்பாவின் தாயாரை நாங்கள் 'ஆயா' என்று அழைப்போம். ஆறு பிள்ளைகள் பெற்று நான்கைக் காப்பாற்றியவர் அவர். போன இரண்டும் பால்குடி மறக்கும் வயதில் போனவை. அதனால்தானோ என்னவோ, வீட்டில் எந்தக் குழந்தைக்கும் முதல் கூழ் காய்ச்சும் வேலையை அவர் பிறர் கையில் விட்டதே இல்லை. அண்ணனும் அண்ணியும் காலை ஆறு மணிக்கே ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். அம்மாவுக்குக் காட்டு வேலை. பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைந்ததிலிருந்து ஆயாவின் மடிதான் சாப்பாட்டு மேசை.

கேழ்வரகைக் கல், தூசி போகக் கழுவி ஒரு நாள் ஊறவைப்பார். பிறகு வெள்ளைத் துணியில் முடிந்து தொங்கவிடுவார். வெள்ளை நூல் போல் முளை வந்ததும் நிழலில் உலர்த்தித் தேய்த்துப் புடைத்து, சட்டியில் லேசாக வாட்டி, ஏந்திரத்தில் திரித்து, துணியில் சலித்து எடுப்பார். கூழ் காய்ச்சும்போது மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் வைத்து, பொறுமையாகக் கிளறுவார். கூழ் நீர்க்கவே இருக்கும். ஆனால் பாப்பா கொழுகொழுவென்று இருந்தாள்.

ஒருமுறை, "நல்லா வாசம் வர்ற மாதிரி வறுத்தா என்ன ஆயா?" என்று கேட்டேன். "கை பொறுக்கிற சூடு போதும் சாமி. அதுக்கு மேல போனா மாவு செத்துப்போயிடும்" என்றார். நான் சிரித்தேன். மாவு எப்படிச் சாகும்? அப்போது நான் விதை முளைத்தலைப் பற்றித் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கடந்த தை மாதம் ஆயா தூக்கத்திலேயே போய்விட்டார். பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது முடிந்து ஒரு மாதம்.

அதற்குப் பிறகு பாப்பா தினமும் காலையில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆயாவின் கயிற்றுக் கட்டிலுக்குத் தள்ளாடித் தள்ளாடிப் போவாள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பாள். திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பாள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சாவு வீட்டில் அழாத நான் அன்றைக்குத்தான் அழுதேன்.

மாவு தீர்ந்ததும் அம்மா செய்தார். நல்ல கைதான். ஆனால் பெரியவர்களுக்குச் செய்வது போல் வாசம் வரச் சிவக்க வறுத்தார். கூழ் காய்ச்சினால் களி போல் இறுகிற்று; பாப்பா துப்பினாள். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் குடித்தாள்; ஆனால் அது வெறும் வயிற்றை நிரப்பியதேயன்றி உடம்பில் ஒட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அங்கன்வாடித் தராசில் நிறுத்தபோது எடை ஏறவில்லை. அரை கிலோ இறங்கியிருந்தது. அண்ணி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அன்றிரவு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

விடை கிடைத்தது நம் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில்! முளைவிடும் தானியத்தில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஒன்று உண்டாகிறது. 1833-ஆம் ஆண்டில் பாயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் முளைத் தானியத்திலிருந்து அதைப் பிரித்து, 'டயஸ்டேஸ்' எனப் பெயரிட்டார்கள். மனிதன் முதன்முதலாகப் பிரித்தெடுத்த நொதி இதுவே. மிகுந்த வெப்பம் பட்டால் நொதி செயலிழந்துவிடும் என்று பேராசிரியர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆயா சொன்ன 'செத்துப்போன மாவு' இதுதான்!

சின்னஞ்சிறு குழந்தையின் இரைப்பை சிறியது. இறுகிய கூழை அதனால் விழுங்க முடியாது. தண்ணீர் விட்டு இளக்கினால் ஊட்டம் குறைகிறது. முளைமாவிலோ, கூழ் மெல்லச் சூடேறும் நேரத்தில் நொதி வேலை செய்து அதை இளக்கிவிடுகிறது. ஆகவே மாவைக் குறைக்காமலேயே நீர்த்த கூழ் கிடைக்கிறது. கேழ்வரகின் சிறப்பும் சேர்ந்துகொள்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு கிழவி, துணி முடிச்சிலும் சிறு தீயிலும் இத்தனை விஞ்ஞானத்தையும் நடத்திவந்தார்.

நானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். "ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்புகிட்ட என்ன வேலை?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. முதல் முறை வறுவல் மிஞ்சியது. இரண்டாம் முறை மழை பிடித்துக்கொண்டதால் முளையில் பூசணம் பூத்தது. குழந்தைக்கு ஆகாதென்று குப்பையில் கொட்டினேன். மூன்றாம் முறை, சட்டியில் என் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்து வாட்டினேன். கூழ் இளகி நின்றது. பாப்பா ஒரு வாய் வாங்கினாள். சற்று யோசித்தாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு என் முழங்காலைத் தட்டினாள். பழைய எடைக்குத் திரும்ப இரண்டு மாதமாயிற்று.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இழப்பு ஒன்றன்று, இரண்டு. ஆயா மறைந்தது முதல் இழப்பு, அது இயற்கை. அவருடைய அறிவும் அவருடனே சுடுகாட்டுக்குப் போனது இரண்டாவது. அதற்கு இயற்கையைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்த மூன்று ஆண்களில் ஒருவராவது அவரருகில் உட்கார்ந்து கற்றிருந்தால் அது நேர்ந்திராது.

"வீட்டுப் பெண்கள் கற்றால் போதாதா?" என்பார்கள். இன்று பெண்களும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் நாம் சட்டியைப் பங்கு போட்டுக்கொள்ள வெட்கப்படுவது என்ன நியாயம்? நளனையும் வீமனையும் சமையலில் வல்லவர்கள் என்று மேடையில் புகழ்கிறோம். கல்யாணப் பந்தலில் அண்டா கிளறுபவர் ஆண். ஓட்டலில் தோசை வார்ப்பவர் ஆண். கூலி கிடைத்தால் சமையல் தொழில். கிடைக்காவிட்டால் அது பெண் வேலையா?

குழந்தைகளின் சோற்றுத்தட்டைப் பற்றிக் கவலைப்பட்ட நாடு இது. 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் பள்ளியில் காலை உணவும் வந்தது. அங்கன்வாடியில் சத்துமாவும் தருகிறார்கள். அரசாங்கமே வெட்கப்படாமல் கரண்டி பிடித்த மாநிலத்தில், படித்த இளைஞன் அடுப்பருகே போக வெட்கப்படலாமா?

பழையதெல்லாம் பொன் என்று நான் வாதாடவில்லை. பாப்பா பிறந்த அன்று ஆயா சர்க்கரைத் தண்ணீர் வைக்க வந்தார், செவிலியர் தடுத்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதுதான் மருத்துவம் கூறும் உண்மை. செவிலியர் செய்தது சரி. எனவேதான் படித்தவன் அருகிலிருந்து கற்க வேண்டும் என்கிறேன். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஆராய நமக்குத்தானே கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள்?

கூடத்தில் ஆயாவின் படம் மாலையோடு தொங்குகிறது. பாப்பாவைத் தூக்கிக் காட்டி "யாரு?" என்று கேட்டால், மாலையைப் பார்த்து "பூ" என்கிறாள். அவள்மீது குற்றமில்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் மனிதனின் நினைவில் நிற்பதில்லை. ஆனால் நாக்கின் கணக்கு வேறு. 2001-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், பிற்பாடு கேரட் சுவையுள்ள கூழைத் தரும்போது குழந்தை அவ்வளவாக முகம் சுளிப்பதில்லை என்று அதில் கண்டார்கள். எந்த நாளில், யார் ஊட்டினார் என்பது மறந்துபோகலாம். ஊட்டிய சுவை விருப்பமாக உள்ளே தங்கிவிடுகிறது. பாப்பாவுக்கு ஆயாவின் முகம் தெரியாது; என் முழங்காலைத் தட்டிய அந்தக் கைக்கு ஆயாவின் கூழ் தெரிந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரே ஒரு பண்டத்தைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதோடு நின்றுவிடாமல், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கையால் செய்யுங்கள். 'கை பொறுக்கும் சூடு' எவ்வளவு என்பதை எந்த நூலும் சொல்லாது. சட்டியில் கை வைத்தவனுக்கே அது விளங்கும்.

அடுப்பங்கரை வகுப்பில் வருகைப் பதிவு இல்லை; தேர்வுக் கட்டணமும் இல்லை. ஆனால் ஆசிரியர் ஓய்வு பெறும் நாளை முன்கூட்டி யாரும் அறிவிக்க மாட்டார்கள்.