வண்டியை வித்தாச்சு... பேரை மாத்தியாச்சா?

பெருங்களத்தூர் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா பொழுதுபோக்க ஒரே வழி, முன்னாடி நிக்கிற வண்டிகளோட நம்பர் பிளேட்டைப் படிக்கிறதுதான். டி.என். 11-ன்னா தாம்பரம், 22-ன்னா மீனம்பாக்கம், 19-ன்னா செங்கல்பட்டு. நம்பரைத் தட்டிப் பார்த்தா ஆர்.டி.ஓ. பதிவேட்டுல ஓனர் பேரும் இருக்கும். ஆனா அந்தப் பேருக்கும் வண்டியை ஓட்டுற ஆளுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது!

சேலையூர்ல நமக்குத் தெரிஞ்ச ஒரு பையன். ஃபைனல் இயர் முடிஞ்ச கையோட, அப்பா பேர்ல இருந்த பைக்கை ஜூனியர்கிட்ட தள்ளிவிட்டான். வெத்து ஃபார்ம்ல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டு, "அப்புறமா பேர் மாத்திக்கடா"ன்னு சொன்னான். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஜூனியர் இன்னொருத்தருக்கு வித்தான், அவர் வேற ஒருத்தருக்கு வித்தார். ரெண்டு வருஷம் கழிச்சு அப்பாவோட செல்லுக்கு எஸ்.எம்.எஸ். 'ஹெல்மெட் அணியவில்லை, அபராதம் 1,000 ரூபாய்'. மனுஷன் அந்த நேரம் வீட்டுல டி.வி. பார்த்துக்கிட்டு இருந்தாராம்!

ஆயிரத்தோட போச்சுன்னா லாபம் பாஸ். அந்த வண்டி யாரையாவது இடிச்சிருந்தா?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், யார் பேர்ல வண்டி பதிவாகியிருக்கோ அவரைத்தான் 'உரிமையாளர்'னு சொல்லுது. மைனர், லோன் வண்டி மாதிரி சிலதுக்கு மட்டும் தனி விதி. சாவி யார் பாக்கெட்ல இருக்கு, பணம் யார் கொடுத்தாங்கன்னு சட்டம் பார்க்கிறதில்லை.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2007-ல ஒருத்தர் வண்டியை வித்தார். அது அடுத்தடுத்து பல கை மாறிச்சு. யாரும் பேர் மாத்தலை. 2009-ல விபத்து, உயிர்ச்சேதம். கடைசியா கைமாறினவங்க பக்கம்தான் பொறுப்புன்னு உயர் நீதிமன்றம் சொல்ல, கேஸ் டெல்லி வரைக்கும் போச்சு. 2018 பிப்ரவரியில மூணு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாத்திடுச்சு. பதிவேட்டுல பேர் இருக்கிற முதல் ஓனர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு!

அநியாயமா இருக்கேன்னு தோணுதா? அடிபட்டவங்க பக்கம் நின்னு யோசிங்க. கால்ல கட்டோட ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவர், யார் யாருக்கு வித்தாங்கன்னு ஊர் ஊரா விசாரிச்சுக்கிட்டு அலைய முடியுமா? அவருக்குக் கைகொடுக்கத்தான் சட்டம் ஒரே ஒரு பேரைப் பிடிச்சுக்குது. அந்தப் பேர் உங்க அப்பாவோடதா இருக்கணுமாங்கிறது உங்க கையில இருக்கு.

இன்சூரன்ஸ் உயிரோட இருந்தா, பெரும்பாலும் கம்பெனி பார்த்துக்கும். ஆனா 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே வருது. அது முடிஞ்சதும் புதுப்பிக்கணும்ங்கிற ஞாபகமே நம்மாளுங்களுக்கு வர்றதில்லை. செகண்ட் ஹேண்ட்ல கைமாறுறதும் அந்த வயசு வண்டிங்கதான்!

அதனால வண்டி விக்கிற மக்களே... ஃபார்ம் 29-ல, விக்கிற உங்க வீட்டு ஓனர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லணும். ஃபார்ம் 30-ல, வாங்குறவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். லோன் இருந்தா முதல்ல பேங்க்ல தடையில்லாச் சான்று வாங்குங்க. வண்டியைக் கொடுத்த தேதி, நேரம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. வாங்குறவரோட அடையாள அட்டை நகல் ஒண்ணு கையில இருக்கட்டும். அப்புறம் பரிவாஹன்ல நம்பரைத் தட்டி, பேர் மாறிடுச்சான்னு பாருங்க. மாறுற வரைக்கும் அது உங்க வீட்டு வண்டிதான். வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய சலான் பாக்கி இருக்கான்னு பார்த்துட்டுப் பணத்தைக் கொடுங்க.

நண்பன்கிட்ட ஃபார்ம் நீட்டுறதுக்குக் கூச்சமா இருக்கா? உங்க நட்பு ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டருக்குத் தெரியாது மச்சான். வண்டி வித்த காசுல டிரீட் அடுத்த மாசம்கூட வைக்கலாம். ஃபார்ம் 29-ஐ முதல்ல கொடுத்துடுங்க!