இறக்கியவன் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மிகுபுனைவுக் குறுநாவல் எழுத முயன்றேன். கடலோரத்தில் ஒரு கற்பனை இனம். அவர்களுக்கென்று ஒரு மொழி, ஒரு தெய்வம், ஒரு முடிசூட்டு விழா. விழா இரவில் அரசனும் வீரர்களும் பொற்கிண்ணங்களில் மதுரசம் அருந்துகிறார்கள். அந்தப் பகுதியை முத்தையாபுரத்திலிருக்கும் என் தாய்மாமனிடம் வாசித்துக் காட்டினேன். இளமையில் பனையேறியவர். இலக்கியத்தோடு அவருக்குள்ள ஒரே உறவு நான்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரிதான் மருமவனே. இம்புட்டுப் பேரு குடிக்கானுவ. எறக்குனவன் எங்க?” என்றார்.

அப்போது சிரித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் கேள்வி உறைத்தது. என் கற்பனை நாட்டில் ஒரு பனை இல்லை, ஒரு தென்னை இல்லை, ஒரு பானை இல்லை. மது மட்டும் எங்கிருந்தோ வந்து கிண்ணத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. தமிழில் இன்று எழுதப்படும் மிகுபுனைவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஒன்று, புராணத் திரைப்படத்திலிருந்து இறங்கி வந்த சோமபானம். அல்லது ஆங்கில நாவல்களின் சத்திரத்திலிருந்து நுரையோடு இறக்குமதியான பீர்க்குவளை. இரண்டுமே குடிப்பவனோடு தொடங்கி அவனோடே முடிந்துவிடுகின்றன.

டோல்கியனை எடுத்துக்கொள்வோம். ‘ஹாபிட்’ நாவலில் காட்டு அரசனின் அரண்மனையிலிருந்து குள்ளர்கள் தப்பிப்பதற்குக் காரணம் மந்திரமல்ல, குடி. அரசனின் விருந்துக்கென்று தொலைவிலிருந்து வந்த உயர்ந்த மதுவை மதுக்கிடங்குப் பணியாளனும் காவலர் தலைவனும் திருட்டுத்தனமாகச் சுவைத்து உறங்கிப்போகிறார்கள். காலிப் பீப்பாய்களை ஆற்றில் உருட்டிவிட்டால் அவை ஏரி நகரத்துக்கு மிதந்து சென்று சேரும் என்பது அங்குள்ள வழக்கம். அந்தப் பீப்பாய்களுக்குள் ஒளிந்துதான் குள்ளர்கள் தப்புகிறார்கள். ஒரு வணிகப் பாதை, திருப்பி அனுப்பவேண்டிய காலிக் கலங்கள், எசமானனின் சரக்கில் கைவைக்கும் வேலைக்காரன் ஆகிய மூன்றும் அமைந்ததும் அந்தக் காடு நம்பத்தக்கதாகிவிடுகிறது. (அந்நாவல் வெளிவந்தது 1937 செப்டம்பரில். அடுத்த மாதமே ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.)

உர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ இன்னும் சிக்கனமானது. அவருடைய பனிக்கோளில் சாப்பாட்டு மேசைமீது ஒரு சிறு கருவி உண்டு. இரண்டு மிடறுகளுக்கு இடையில் பானத்தின்மேல் படிந்துவிடும் பனியை உடைப்பதற்கானது அது. அங்கே பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள். குளிரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்தக் கருவி தரும் நடுக்கம் வாராது.

நிற்க. இதற்கெல்லாம் அயலாரிடம் போகவேண்டியதில்லை. முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே போய் உள்ளே திரும்பினால் கொற்கை. இன்று கடல் அதைவிட்டுச் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பாண்டியன் நெடுஞ்செழியனைக் கொற்கையோரின் விருப்பத்துக்குரியவனாகப் பாடும் மாங்குடி மருதனார், ‘மதுரைக்காஞ்சி’யில் அவ்வூரை அறிமுகப்படுத்தும் விதத்தைப் பாருங்கள். முத்தைச் சொல்கிறார், சங்கோடு தொடர்புடைய பெருஞ்சேரியைச் சொல்கிறார், உடனே கள்ளை உணவாகக் கொண்டவர்களின் குடியிருப்பையும் சொல்லிவிடுகிறார். அரசனைப் புகழும் இடத்தில் இதைச் சொல்ல அவர் கூசவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் ‘பெரிப்ளூஸ்’ எழுதிய பெயர் தெரியாத கிரேக்க மாலுமி, கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிக்கிறார். இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்தால் ஒரு நாவலுக்கான சமூகம் அங்கே கிடக்கிறது. கடலுக்குள் போவது யார், கரையில் குடிப்பது யார், முத்து யார் கழுத்துக்குப் போகிறது?

எனக்கு மிகவும் பிடித்தது ‘பெரும்பாணாற்றுப்படை’யில் வரும் ஒரு காட்சி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கடற்கரைப் பட்டினம் ஒன்றை வருணித்துக்கொண்டே வருகிறார். கள் சமைக்கும் பெண்கள் வட்டில்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. கள்ளின் மணத்தையோ வண்ணத்தையோ அவர் தேடிப்போகவில்லை. கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று பார்த்திருக்கிறார். என் மாமா கேட்ட கேள்விக்கு அவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவிட்டார்.

சங்கக் கவிதைகளில் குடி ஒரு நடத்தை ஒழுங்கும் ஆகும். ஆநிரை கவர்ந்தவர்கள் கூடிக் கள்ளுண்டு மகிழ்வதற்கு உண்டாட்டு என்று பெயரிட்டுத் தொல்காப்பியம் அதை ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. கள் சிறிதளவே இருந்தால் புலவருக்குக் கொடுத்துவிடுவான், மிகுதியாக இருந்தால் அவர் பாட உடனிருந்து உண்பான் என்று அதியமானின் குணத்தை ஔவை அளந்தது கள்ளின் அளவைக் கொண்டுதான். அவன் இறந்தபின் நடுகல்லுக்குப் படைப்பதும் கள்ளே. யவனர் கப்பலில் கொணர்ந்த தேறலை ஒளிரும் வளை அணிந்த மகளிர் ஊற்றித் தர உண்ணுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். ஆக, நாட்டுச் சரக்கு, இறக்குமதிச் சரக்கு என்ற படிநிலை அப்போதே இருந்தது! பின்னர் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். ஒரு சமூகம் எதைக் குடித்தது என்பதோடு, அதற்காக எப்போது வெட்கப்படத் தொடங்கியது என்பதும் புனைவெழுத்தாளன் அறியவேண்டியதே.

நம் கற்பனை இனங்களுக்கு வெட்கம் கிடையாது, தீட்டும் கிடையாது. எல்லோரும் ஒரே குவளையில் குடிக்கிறார்கள். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்ட நாட்டில் இதைவிடப் பெரிய மிகுபுனைவு வேறென்ன இருக்கமுடியும்? எங்கள் பக்கத்தில் பதநீரைப் பனையோலைப் பட்டையில் குடிப்பார்கள். இரு கைகளாலும் ஏந்தினால் மேலிருந்து ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் பட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம். ஓலையின் மணம் பதநீருக்கு ஒரு சுவை தரும் என்பது உண்மையே. ஆனால் யாருடைய பாத்திரத்தில் யார் வாய்வைப்பது என்ற சிக்கலையும் அந்தப் பட்டை ஓசைப்படாமல் தீர்த்து வைத்தது என்று எனக்குத் தோன்றும். லெ குவினின் பனியுடைக்கும் கருவிக்கு இது சற்றும் குறைந்ததல்ல.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மிகுபுனைவு என்ன, மானுடவியல் ஆய்வேடா? கற்பனைக்கு இத்தனை கணக்கு எதற்கு? மறுப்பில் நியாயமில்லாமல் இல்லை. பீப்பாயின் எடையையும் விலையையும் பட்டியலிடும் எழுத்தாளர்களையும் படித்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். நான் கேட்பது தகவலை அல்ல. பானத்தின் பின்னால் ஓர் ஆள் நிற்கவேண்டும், அவ்வளவே. பனையேறி ஒருவன் காலில் திளாப்பும் இடுப்பில் அரிவாள்பெட்டியுமாகக் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிறான். அவன் ஒருநாள் ஏறாவிட்டால் அரசனின் விருந்து என்னவாகும்? கதை அங்கே தொடங்கிவிடும்.

நம்மவர்கள் பீருக்குத் தாவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எல்லை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. இங்கே 2003 முதல் அரசே கடை வைத்துப் புட்டி மதுவை விற்கிறது. பனை மாநில மரம், அதன் கள் குற்றம். முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஒரு தமிழ் எழுத்தாளர் கள்ளின் வாடையைப் பெரும்பாலும் புறநானூற்றில்தான் அறிந்திருப்பார். டோல்கியனின் மதுவைப் போலவே அவருக்கு அதுவும் ஒரு கற்பனைப் பானம். மது வேண்டாமென்பவர்களோடு எனக்கு வழக்கில்லை, அவர்கள் சொல்வதில் பல வீடுகளின் கண்ணீர் இருக்கிறது. ஆனால் கலயம், பாளை, இடுக்கி, முருக்குத்தடி என்று ஒரு தொழிலின் சொற்கள் நம் புனைவிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

குறுநாவலை மறுபடி எடுத்தேன். பொற்கிண்ணங்களை அடித்துவிட்டு ஒரு பனங்காட்டையும் ஒரு பனையேறியையும் கொண்டுவந்தேன். விழாவன்று காலை அவன் மரத்தின்மேல் இருக்கிறான். மாமாவிடம் மீண்டும் வாசித்துக் காட்டினேன். இம்முறை அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுனானா, இல்லியா?”

சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நாடே குடித்துக் களிக்கக் காத்திருக்கும் அந்த நாளில் அவன் என்ன செய்வான் என்று நான் யோசித்திருக்கவில்லை. இப்போது மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.