420 பேர் ‘சரி’ என்றார்கள்... ஒரே ஒருவர் ‘வேண்டாம்’ என்றார்!

2001 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. வாஷிங்டன் நேஷனல் கதீட்ரல் தேவாலயம் நிரம்பி வழிந்தது. வெளியே மழை. உள்ளே அதிபர் ஜார்ஜ் புஷ், முன்னாள் அதிபர்கள், அமைச்சர்கள், எம்.பி-க்கள். மூன்று நாள்களுக்கு முன்பு நியூயார்க் இரட்டைக் கோபுரம், பென்டகன், பென்சில்வேனியா என மூன்று இடங்களில் கடத்தப்பட்ட விமானங்கள் விழுந்ததில் 2,977 பேர் இறந்திருந்தார்கள். அவர்களுக்கான அஞ்சலி அது.

பிரார்த்தனை செய்த பாதிரியார் ஒரு விஷயம் சொன்னார். நாம் இப்போது செயல்படப் போகிறோம். அப்படிச் செயல்படும்போது, எந்தத் தீமையை வெறுக்கிறோமோ அந்தத் தீமையாகவே நாம் மாறிவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எம்.பி-யின் மனதில் அது ஆழமாகப் பதிந்துவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் ஓக்லாந்து பகுதியின் பிரதிநிதி பார்பரா லீ. அன்று இரவு நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு இருந்தது. தாக்குதலுக்குக் காரணமானவர்கள் மீது ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம். செனட் சபை 98-0 என்று அதை நிறைவேற்றிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420. எதிர்ப்பு 1.

அந்த ஒன்று, பார்பரா லீ.

60 வார்த்தைகள்!

‘நாட்டுப்பற்று இல்லாதவர்’ என்று உடனே முத்திரை விழுந்தது. உண்மையில் பார்பரா ஒரு ராணுவ அதிகாரியின் மகள். அவர் அப்பா இரண்டாம் உலகப்போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றியவர். பென்சில்வேனியாவில் விழுந்த விமானத்தின் பணிப்பெண்களில் ஒருவர், பார்பராவின் அலுவலகத் தலைமை அதிகாரிக்குச் சொந்தக்காரர். அதாவது, அந்தத் துக்கம் அவர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது.

‘பதிலடியே கூடாது’ என்று அவர் சொல்லவில்லை. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக்கருத்து இல்லை. அவருடைய பிரச்னை, தீர்மானத்தின் வாசகங்கள்.

அதன் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் 60 வார்த்தைகள். தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், செய்தவர்கள், உதவியவர்கள், அடைக்கலம் கொடுத்தவர்கள் என்று அதிபர் யாரை முடிவு செய்கிறாரோ அவர்கள் மீது, தேவையான எல்லா பலத்தையும் அவர் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். எந்த நாடு? பெயர் இல்லை. எந்த அமைப்பு? பெயர் இல்லை. எப்போது முடியும்? தேதி இல்லை. ‘முடிவு என்னவென்று தெரியாமல் ஒரு போருக்குள் இறங்க வேண்டாம். ஒரு நிமிடம் நின்று யோசிப்போம்’ என்பதுதான் கண்ணீரை அடக்கிக்கொண்டு அவர் பேசிய சிறிய உரையின் பொருள்.

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், ஒரு தேசமே ஆத்திரத்தில் இருக்கும்போது அதை எழுந்து சொல்வதற்கு விலை உண்டு. பார்பராவுக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. பாராட்டியவர்களும் இருந்தார்கள், ‘துரோகி’ என்று திட்டியவர்களும் இருந்தார்கள். கொலை மிரட்டல்கள் வந்ததால் அவருக்கு போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. அதே நாள்களில் கேலப் கருத்துக்கணிப்பில் அதிபர் புஷ்ஷுக்கான ஆதரவு 90 சதவிகிதத்தைத் தொட்டிருந்தது.

காரணம் கேட்பது குற்றமா?

நாடாளுமன்றத்துக்கு வெளியேயும் இதே சண்டைதான். எழுத்தாளர் சூசன் சான்டாக், ‘நியூயார்க்கர்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இதை நாகரிகத்தின் மீதான கோழைத்தனமான தாக்குதல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அமெரிக்காவின் குறிப்பிட்ட சில கூட்டணிகளுக்கும் செயல்களுக்கும் இதில் தொடர்பு இருக்கிறது என்பது அவர் வாதம். நாலா பக்கமிருந்தும் வசைமழை பொழிந்தது.

எதிர்த்தரப்பையும் அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. இடதுசாரியாக அறியப்பட்ட பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸே, ‘காரணம் தேடுகிறேன் பேர்வழி என்று கொலைகாரர்களுக்கு நியாயம் கற்பிக்காதீர்கள்’ என்ற ரீதியில் கடுமையாக எழுதினார். இவர்கள் பாலஸ்தீனத்துக்காகவோ ஏழைகளுக்காகவோ வந்தவர்கள் இல்லை, சுதந்திரமான வாழ்க்கை முறையையே வெறுக்கும் பாசிஸ்டுகள் என்பது அவர் கட்சி.

பிணங்களைக்கூட மீட்டு முடிக்காத நேரத்தில், ‘ஏன் நடந்தது?’ என்று கேட்டால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், நோய் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டால், அவர் நோயின் பக்கம் நிற்கிறார் என்று யாரும் சொல்வதில்லையே!

வறுமைதான் காரணமா?

காரணம் தேடியவர்களிடமும் ஒரு தவறு இருந்தது. ‘வறுமைதான் பயங்கரவாதத்தின் வேர்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். 2002 மார்ச்சில் மெக்ஸிகோவில் நடந்த ஐ.நா மாநாட்டில் புஷ்கூட, பயங்கரவாதத்துக்கான பதில்களில் ஒன்றாக வறுமை ஒழிப்பைக் குறிப்பிட்டார்.

நிஜம் வேறு மாதிரி இருந்தது. ஒசாமா பின்லேடன், சவுதியின் பெரும் கட்டுமானத் தொழிலதிபரின் மகன். விமானத்தைக் கடத்தி முதல் கோபுரத்தில் மோதிய முகமது அட்டா, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நகரத் திட்டமிடல் படித்தவர். கடத்தல்காரர்கள் 19 பேரில் 15 பேர் சவுதி அரேபியர்கள். பொருளாதார நிபுணர் ஆலன் க்ரூகர் தரவுகளை அலசிவிட்டு, பயங்கரவாதத்துக்கும் வறுமைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றார்.

வறுமை இல்லையென்றால் வேறு காரணமே இல்லையா? பின்லேடன் 1996-ல் வெளியிட்ட போர் அறிவிப்பிலேயே ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதன்மையானது, வளைகுடாப் போருக்காக வந்து சவுதி மண்ணிலேயே தங்கிவிட்ட அமெரிக்கப் படைகள். ஈராக் மீதான பொருளாதாரத் தடையும் பாலஸ்தீனமும் அதில் உண்டு. அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1980-களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளை எதிர்த்த முஜாஹிதீன்களுக்கு, பாகிஸ்தான் வழியாகப் பணமும் ஆயுதமும் கொடுத்தது அமெரிக்கா. 1989-ல் சோவியத் வெளியேறியதும் அந்த நாட்டை மறந்தும் போனது. ஆயுதங்களும் அனாதையான ஊர்களும் மிச்சமிருந்த இடத்தில்தான் தாலிபன்கள் எழுந்தார்கள். அங்கேதான் பின்லேடனுக்கு இடம் கிடைத்தது.

இதில் எதுவும் 2,977 கொலைகளை நியாயப்படுத்தாது. ஆனால், இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடியை எடுத்து வைத்தால் எங்கே போய் நிற்போம் என்பதும் தெரியாது.

20 ஆண்டுகள், ஒரு வட்டம்!

2001 அக்டோபர் 7-ம் தேதி குண்டுவீச்சு தொடங்கியது. நவம்பர் 13-ல் காபூல் வீழ்ந்தது. அல்-கொய்தாவின் பயிற்சி முகாம்கள் சிதறின. ராணுவ பலம் எதையும் சாதிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். செப்டம்பர் 11 அளவில் இன்னொரு தாக்குதலை அமெரிக்க மண்ணில் அல்-கொய்தாவால் நடத்த முடியவில்லை.

ஆனால், போர் அங்கே நிற்கவில்லை. 2003-ல் ஈராக்குக்குப் போனது. அதற்குத் தனியாக ஒரு தீர்மானம். காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. 2004-ல் அங்கே அமெரிக்கப் படை நடத்திய புக்கா சிறை முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்களில் ஒருவர் அபூபக்கர் அல்-பாக்தாதி. 10 ஆண்டுகள் கழித்து, ஐ.எஸ் அமைப்பின் தலைவராக உலகம் அவரைப் பார்த்தது. போருக்கு முன் இல்லாத ஓர் எதிரி, போரின் இடிபாடுகளிலிருந்து எழுந்து வந்தான்.

ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்ட் 15-ம் தேதி தாலிபன்கள் மீண்டும் காபூலுக்குள் நுழைந்தார்கள். இடைப்பட்ட 20 ஆண்டுகளுக்கான கணக்கை பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத்திட்டம் ஒன்று போட்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் மட்டும் நேரடியாகப் போரில் இறந்தவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். அதில் 46,000-க்கும் அதிகமானோர் பொதுமக்கள். அமெரிக்க ராணுவத்தினர் 2,400-க்கும் அதிகம். செலவு சுமார் 2.3 லட்சம் கோடி டாலர்.

பின்லேடன் என்ன ஆனார்? 2011 மே 2-ம் தேதி, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒரு வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அவரைக் கண்டுபிடித்தது, பல ஆண்டுகள் ஒரு தூதுவரின் தடத்தைப் பொறுமையாகப் பின்தொடர்ந்த உளவு வேலை.

எது சேர வைக்கிறது, எது முடித்து வைக்கிறது?

2017-ல் ஐ.நா வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தியது. தீவிரவாத அமைப்புகளில் தாமாகவே போய்ச் சேர்ந்த 495 பேரிடம் பேசினார்கள். ‘கடைசியாக உங்களைச் சேர வைத்தது எது?’ என்ற கேள்விக்கு 71 சதவிகிதம் பேர் சொன்ன பதில், அரசின் நடவடிக்கை. குடும்பத்தில் ஒருவரையோ நண்பரையோ கொன்றது, அல்லது கைது செய்தது. அரசு கொடுக்கும் பதிலடியே அடுத்த ஆளைச் சேர்த்துவிடும் வேலையையும் செய்கிறது.

2008-ல் ராண்ட் நிறுவனம் 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 அமைப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் முடிவுக்கு வந்தவை எப்படி முடிந்தன என்று பார்த்தது. 43 சதவிகிதம் அரசியலுக்குள் வந்து முடிந்தன. 40 சதவிகிதம் போலீஸ், உளவுத்துறை நடவடிக்கைகளால் முடிந்தன. ராணுவ பலத்தால் முடிந்தவை 7 சதவிகிதம்தான்.

வட அயர்லாந்து இதற்கு நல்ல உதாரணம். 1971 ஆகஸ்டில் பிரிட்டன், விசாரணையே இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைத்தது. 1972 ஜனவரி 30-ம் தேதி டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். விளைவு? ஐ.ஆர்.ஏ-வில் சேர இளைஞர்கள் குவிந்தார்கள். மொத்தப் பிரச்னையிலும் அதிக உயிர்கள் போனது அந்த ஆண்டில்தான். சுமார் 3,500 உயிர்கள் போன பிறகு, 1998 ஏப்ரலில் ஒப்பந்தம் வந்தது. அதிகாரப் பகிர்வு, காவல்துறைச் சீர்திருத்தம், கைதிகள் விடுதலை எல்லாம் அதில் இருந்தன. கொலைகாரர்கள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. ஆனால், துப்பாக்கிச் சத்தம் பெருமளவு ஓய்ந்தது.

அந்த 7 சதவிகிதக் கதை எப்படி இருக்கும் என்பதைத் தமிழர்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 2009 மே மாதம் விடுதலைப்புலிகளை இலங்கை ராணுவம் முழுமையாகத் தோற்கடித்தது. போர் முடிந்தது. பிரச்னை? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, 2017-லிருந்து தெருவோரத்தில் உட்கார்ந்து போராடும் கிளிநொச்சித் தாய்மார்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் ராணுவமே வேண்டாமா? 2014 ஆகஸ்டில் ஐ.எஸ் படை சிஞ்சார் மலையில் யஜிதி மக்களைச் சூழ்ந்து நின்றபோது, வேர்க்காரணங்களை ஆராய அவர்களுக்கு நேரமில்லை. அன்று வானத்திலிருந்து வந்த அமெரிக்கக் குண்டுகளும் உணவுப் பொட்டலங்களும் குர்திஷ் படைகள் திறந்துவிட்ட பாதையும்தான் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றின. எரியும் வீட்டில் முதலில் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அணைத்த பிறகு ஒயரிங்கைப் பார்க்காமல் அதே வீட்டில் குடியேறுவதுதான் ஆபத்து.

தாமதமாக வந்த கைதட்டல்!

பார்பரா லீ அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். அதற்கடுத்த தேர்தல்களிலும் ஜெயித்தார். 2001 தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி விடாமல் திருத்தங்களைக் கொண்டுவந்தார். 2017 ஜூனில், குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த ஒரு நாடாளுமன்றக் குழு அவர் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அறையில் கைதட்டல் எழுந்தது. சில வாரங்களில் அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது.

2021 ஆகஸ்ட் 29. வெளியேறுவதற்கு முந்தைய நாள், காபூலில் அமெரிக்க டிரோன் ஒரு காரின் மீது ஏவுகணை வீசியது. ஐ.எஸ் ஆட்கள் என்றார்கள். அடுத்த மாதம், அது தவறு என்று பென்டகனே ஒப்புக்கொண்டது. இறந்தவர்கள் 10 பேர், அனைவரும் பொதுமக்கள். அதில் 7 பேர் குழந்தைகள். காரை ஓட்டி வந்தவர், ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்.

நேஷனல் கதீட்ரல் பிரார்த்தனைக்கும் அந்த டிரோனுக்கும் இடையே 20 ஆண்டுகள். 2025-ல் பார்பரா லீ ஓக்லாந்து நகரத்தின் மேயராகிவிட்டார். அந்த 60 வார்த்தைகள் மட்டும் ஆப்கானிஸ்தானில் தொடங்கி ஏமன், சோமாலியா, சிரியா வரை பயணம் செய்துவிட்டு, இன்னமும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன.

உலகில் எங்காவது அடுத்த குண்டு வெடிக்கும். டி.வி விவாதங்களில் ‘பதிலடி எப்போது?’ என்ற கேள்வி அன்று இரவே வந்துவிடும். ‘யார் மீது, எதுவரை, அதற்குப் பிறகு என்ன?’ என்று யாராவது ஒருவர் கேட்டால், அவரைத் துரோகி என்பதற்கு முன்னால் அந்த 420-1 கணக்கை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.