விளிம்பு சொல்லும் சாட்சியம்

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்ற உறுதிமொழியை நம்பி உறவினர் ஒருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கிவந்த ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக்காசை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக டை எனப்படும் எஃகு அச்சு செய்யும் நண்பரிடம் அண்மையில் காட்டினேன். முன்புறத்து அதீனா தேவியையும் பின்புறத்து ஆந்தையையும் பாராமல், அவர் முதற்கண் அதன் விளிம்பையே நோக்கினார். அங்கே மெல்லிய இணைப்புக்கோடு ஒன்றும், அதனை அரத்தால் ராவி மறைக்க முயன்ற தடமும் இருந்தன. "இது அடிச்ச காசு இல்லைங்க, வார்த்தது" என்றார்.

பண்டைக் கிரேக்கர் வெள்ளி வில்லையைக் கீழச்சின்மீது வைத்து, மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் அடித்தனர். அவ்வடியில் உலோகம் வெளிநோக்கிப் பரவி விளிம்பு வெடிப்பதும் உருவம் ஒருபுறம் ஒதுங்குவதும் இயல்பாதலின், ஒரே அச்சில் பிறந்த காசுகளும் புறவடிவில் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஆகவே, ஒரே வெடிப்பும் ஒரே வளைவும் உடைய இரு காசுகளைக் கண்டால், ஒன்றேனும் வார்ப்பு என்பதில் சந்தேகமில்லை. காற்றுக்குமிழி விட்ட நுண்குழிகளும், மழுங்கிய எழுத்தும், சுமார் 17.2 கிராம் இருக்கவேண்டிய நான்கு திராக்மாக் காசின் எடைக்குறைவும் துணைச் சாட்சியங்கள். எனினும், ஜெர்மானியர் பெக்கர் (1772–1830) போலப் புதிய அச்சு வெட்டி அடித்த போலிகளுக்கு இச்சோதனைகள் போதா. அவை நிபுணர்களையே ஏமாற்றின.

என் மனத்தை வருத்துவது பணநஷ்டம் அன்று. கரூரில் கிடைத்த கிரேக்க, செலூக்கிய நாணயங்களை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அரிதின் ஆராய்ந்து நூலாக்கினார். கடல்கடந்த நம் வாணிகத்துக்கு அவை சான்று; பொய்யான பிறப்பிடம் சூட்டிய ஒவ்வொரு போலியும் அச்சான்றையே மாசுபடுத்துகிறது. மேலும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். மண்ணில் புதைந்திருந்ததை எடுத்து அறிவிக்காமல் விற்றிருந்தால் அது குற்றம். அக்கதையே கட்டுக்கதையாயின் அது மோசடி.

மாதிரிக் காசுகள் கூடா என்பதன்று என் வாதம். பள்ளிப்பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க அவை மிகவும் உதவும். ஆனால் அமெரிக்கா 1973ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியதுபோல, பிரதி என்னும் முத்திரை அழியாவண்ணம் அவற்றில் பொறிக்கப்பட வேண்டும். அத்தகைய விதியை நம் அரசும் தாமதமின்றி இயற்றவேண்டும்.

உறவினரின் சம்மதத்தோடு, நண்பர் எஃகு முத்திரை அச்சு ஒன்று வெட்டி, ஆந்தையின் காலடியில் 'நகல்' என்று அடித்துக் கொடுத்தார்.