கேஸ்ட்ரிக் எந்த இனத்து வருத்தம்?

"எனக்கு கேஸ்ட்ரிக்" என்று சொல்லாத ஆள் நமது ஊர்களில் குறைவு. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வித்தியாசமில்லாமல் பலருடைய கைப்பையிலும் ஒமிபிரசோல் கார்ட் ஒன்று கிடக்கிறது. காரணம் கேட்கும்போதுதான் இனம் வருகிறது. எங்களுக்கு மாட்டிறைச்சியும் புரியாணியுமாம். தமிழருக்குத் தூள் உறைப்பாம். சிங்களவருக்குக் கொச்சிக்காய்ச் சம்பலாம். அடுத்தவர் கோப்பையில் குற்றம் காண்பது நமக்கு லேசு.

மலேசியாவைப் பாருங்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஒரே நாட்டில் வாழ்கிறார்கள். இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் முக்கிய காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அங்கே இந்தியரிடமும் சீனரிடமும் அதிகம், மலாய்க்காரரிடம் குறைவு. கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரரிடம் மிக மிகக் குறைவு. அவர்களும் சம்பல் இல்லாமல் சோறு தின்னாதவர்கள்தான். உறைப்புத்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

உறைப்பு, ஏற்கனவே உள்ள எரிவைக் கூட்டலாம். கிருமியை உண்டாக்காது. அந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. அதனால்தான் ஒரே நாட்டிலும் சமூகத்துக்குச் சமூகம் அளவு மாறுகிறது.

1982இல் அவுஸ்திரேலியாவின் பெரி மார்ஷலும் ரொபின் வொரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் இன்னும் "பசி கிடந்ததால் வந்தது" என்பதோடு நிற்கிறோம்.

இன்னொரு காரணம் நமது வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. முழங்கால் வலிக்கு டைக்குளோபினக், இடுப்பு வலிக்கு இபுபுரோபென் என்று பாமசியில் கேட்டு வாங்கிப் போடுகிறோம். சாப்பிட்ட பிறகு போட்டால் பயமில்லை என்று நினைக்கிறோம். அவை இரத்தத்தில் கலந்தும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கின்றன. கிருமியும் இல்லாமல், புண்ணும் இல்லாமல், கமராக் குழாய் விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல் அஜீரணத்தால் கஷ்டப்படுவோரும் நிறையப் பேர். ஆக, "கேஸ்ட்ரிக்" என்ற ஒரே சொல்லுக்குள் பல வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன.

அதனால்தான் வருடக்கணக்காக ஒரே குளிசையை விழுங்குவதை நாம் எதிர்க்கிறோம். எரிவு அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். கிருமிதான் என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரிந்தால், பெரும்பாலும் இரண்டு வாரம் மருந்து எடுத்தால் போதும். ஆனால் நாலாம் நாள் சுகம் என்று நிறுத்தக்கூடாது. ஒமிபிரசோல் பாவிப்பவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது உள்ளே இருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். வழமையாக இரண்டு வாரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள்.

காரணமில்லாமல் உடம்பு மெலிகிறதா? விழுங்கக் கஷ்டமா? ஐம்பது வயதைத் தாண்டிப் புதிதாக அஜீரணம் தொடங்கியதா? தள்ளிப்போடாமல் வைத்தியரைக் காணுங்கள். வாந்தியில் இரத்தம் வந்தாலோ மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் வயதானவர்கள் இதை வெட்கத்தில் மறைப்பார்கள். உம்மா வாப்பாவிடம் நாமே கேட்டுப் பார்ப்போம்.