0.099 புள்ளியில் தங்கம், ஒரே வழுக்கலில் வெளியே: உச்சிமுராவின் கணக்கு என்ன சொல்கிறது?

2016 ரியோ ஒலிம்பிக் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ். ஆல்-ரவுண்ட் இறுதியில் கடைசிக் கருவி ஹாரிசான்டல் பார். அதற்கு முன்புவரை உக்ரைனின் ஒலெக் வெர்னியாயெவ், ஜப்பானின் கோஹெய் உச்சிமுராவைவிட 0.901 முன்னிலை. உச்சிமுரா 15.800 எடுத்தார். வெர்னியாயெவுக்கு 14.900 போதும், தங்கம் அவருக்குத்தான். வந்தது 14.800.

முடிவு 92.365-க்கு 92.266. வித்தியாசம் 0.099. நடுவர்கள் மிகச் சிறிய தவறுக்குக் கழிப்பதே 0.1 என்பதை நினைவில் வையுங்கள்.

சுவாரஸ்யம் என்னன்னா, சில நாட்களுக்கு முன் தகுதிச்சுற்றில் இதே பாரிலிருந்து கீழே விழுந்தவர் உச்சிமுரா. அதனால் அந்தக் கருவிக்கான தனி இறுதிப்போட்டியில் அவருக்கு இடமே இல்லை. ஆறு கருவிகளின் கூட்டுத்தொகையில் மட்டும் அவரை யாராலும் தாண்ட முடியவில்லை.

2009 முதல் 2016 வரை நடந்த ஆறு உலக சாம்பியன்ஷிப் ஆல்-ரவுண்ட் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் ஆல்-ரவுண்ட் தங்கங்கள், எல்லாமே அவருக்கு. ஆனா தனிக் கருவியில் ஒலிம்பிக் தங்கம்? ஒன்றுகூட இல்லை. 2012-இல் ஃப்ளோரில் வெள்ளி, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள மதிப்பெண் முறையைப் பார்க்க வேண்டும். பழைய 'பெர்ஃபெக்ட் 10' 2006-இல் போய்விட்டது. இப்போது இரண்டு பகுதி. செய்யும் வித்தைகள் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மதிப்பெண், அதற்கு உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு இன்னொன்று, அது 10-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். கீழே விழுந்தால் நேராக ஒரு புள்ளி போச்சு.

உச்சவரம்பு இல்லாத இடத்தில் லாபம் யாருக்கு? ஒரே கருவியில் முழு நேரத்தையும் கொட்டி, கடினத்தை ஏற்றிக்கொண்டே போகும் ஸ்பெஷலிஸ்டுக்கு. ஆறையும் பழகுபவருக்கு அந்த நேரம் கிடையாது. அவருக்குக் கிடைப்பது வேறொன்று: அடுத்த வாய்ப்பு. 2008 பெய்ஜிங் இறுதியில் 19 வயது உச்சிமுரா பொம்மல் ஹார்ஸில் விழுந்து பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனார். மீதிக் கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றாக ஏறி வெள்ளியோடு முடித்தார்.

2017 மான்ட்ரியல் உலகப் போட்டியில் வால்ட்டில் கணுக்கால் காயம், தொடர் வெற்றிக்கு முற்றுப்புள்ளி. பிறகு தோள்வலி. டோக்கியோவில் அணியின் அளவு ஐந்திலிருந்து நாலாகக் குறைந்து, தனிநபர் இடங்கள் தனியாக வந்தன. ஆல்-ரவுண்டர்களின் அரசன் அந்த வழியில் ஸ்பெஷலிஸ்டாக, ஹாரிசான்டல் பாருக்கு மட்டும் உள்ளே வந்தார். 2021 ஜூலை, தகுதிச்சுற்று. கை வழுக்கியது, விழுந்தார், 13.866. பெய்ஜிங்கிலும் விழுந்தார்தான். ஆனால் இந்த முறை போய் நிற்க அடுத்த கருவி இல்லை. சொந்த நாட்டு ஒலிம்பிக் அவருக்கு அங்கேயே முடிந்தது. என் கண்ணுக்கு இதில் வயதைவிடப் போட்டியின் வடிவத்துக்கே பங்கு அதிகம்.

சில நாட்களில் அதே அரங்கில் 19 வயது டாய்கி ஹாஷிமோட்டோ ஆல்-ரவுண்ட், ஹாரிசான்டல் பார் இரண்டிலும் தங்கம் வென்றார்.

அக்டோபரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது கிட்டாக்யூஷுவில், உச்சிமுரா பிறந்த ஊர். மறுபடியும் ஹாரிசான்டல் பார் மட்டும். இறுதிக்குப் போனார், ஆறாவது இடம். கடைசியில் தரையிறங்கியபோது கால் அசையவில்லை. 2022 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.