தரம் 6இல் தவறும் ஊசி

பளை, முகமாலை தென்னந்தோட்டங்களில் வேலை செய்யும் எமது உறுப்பினர்கள் கைக்குழந்தையின் தடுப்பூசி நாளை மறப்பதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வாசலுக்கே வந்து நினைவூட்டுவார். பிள்ளை பத்து வயதைத் தாண்டியதும் கிளினிக் கொப்பி பெட்டிக்குள் போய்விடுகிறது.

2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பாடசாலையில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. தரம் 7இல் ஏற்புவலித் தடுப்பூசி ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு.

பல பிள்ளைகள் சாமத்தியப்படுவதும் இந்த வயதில்தான். தண்ணீர் வார்க்கும்வரை பாடசாலைக்கு விடமாட்டோம் என்கிறோம். ஊசி போட அன்றைக்கே வந்தால்? சடங்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்தது ஆச்சிமாரின் அறிவு. ஆனால் அந்தக் கவனிப்பு சடங்கோடு நின்றுவிடுகிறதே! மாதந்தோறும் இரத்தம் போகிற பிள்ளைக்கு இரும்புச்சத்துத் தொடர்ந்து வேண்டும். பாடசாலையில் தரும் குளிசையை விழுங்கச் சொல்லுங்கள். முருங்கை வேலியிலேயே நிற்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

ஊசி தவறியிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். அங்கே போனால் அன்றைய நாட்சம்பளம் போய்விடும் என்பதும் எமக்குத் தெரியும். பிள்ளையின் கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் முன்வைக்கிறோம். இப்படிச் சம்பளம் இழந்த தாய்மார் திகதியைக் குறித்து உங்கள் கிளைத் தலைவியிடம் கொடுங்கள்.